வெளிப்பூட்டு

கட்டத்துக்குள் எண் போட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து படிப்புகள், ஐந்து கட்டங்கள், பிடித்ததற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. இதற்குப் போய் ஒரு மனிதன் காலை ஒன்பதரையிலிருந்து பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருப்பானா என்றால், தவசிலிங்கம் உட்கார்ந்திருந்தான். சென்னையில் ஒரு கல்லூரியின் மூன்றாவது மாடி வராந்தா. சுவரோரம் இரும்பு நாற்காலிகள், எதிரே சாத்திய கதவு, கதவுக்கு மேலே சிவப்பு வெளிச்சத்தில் டோக்கன் எண். இப்போது இருபத்து மூன்று, அவனுடையது நாற்பத்தொன்று. தெற்கே ஒரு மில் ஊரில் பதினோரு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்துவிட்டு, முப்பத்தேழு வயதில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்க வந்திருக்கிறான். துறை இரண்டு வருஷம் விடுப்பு கொடுக்கும், சர்வீஸில் ஒரே ஒரு தடவை. அதனால் இன்றைக்குப் போடுகிற எண்ணை இன்னொரு நாள் அழித்து எழுதலாம் என்ற பேச்சே இல்லை. கட்டங்களுக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: முதல் விருப்பத்தைத் தேர்ந்த காரணம், ஆறு வரிக்குள். ஆறு கோடுகள் போட்டு விட்டிருந்தார்கள். கட்டங்களாவது பரவாயில்லை, அந்த ஆறு கோடுகள்தான் அவனைப் பாடாய்ப் படுத்தின.

முதலில் இருந்தது மருத்துவப் பூச்சியியல். அதற்கு ஒன்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஊரில் அவனுக்குப் பேரே கொசு சார்தான். தவசிலிங்கம் என்று யாராவது கூப்பிட்டால் அவனே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவான். விலங்கியல் பட்டம் வேறு. துணை இயக்குநர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதே, "எண்டமாலஜி முடிச்சிட்டு வாங்க, நம்ம மாவட்டத்துலயே போஸ்ட் இருக்கு" என்று சொல்லியனுப்பினார். மனைவி செண்பகவல்லியும் அதையேதான் சொன்னாள், ஆனால் அவள் காரணம் வேறு: அந்தப் படிப்புக்கு இரண்டாம் வருஷம் முழுக்க ஆராய்ச்சி மதுரைப் பக்கம், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிடலாம். கொசுவை அவனுக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரட்டைத் தண்ணீரில் டார்ச் அடித்ததும் புழுக்கள் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடுகிற வேகம் அவனுக்கு இன்னும் அலுக்கவில்லை. தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு ஒரு மழைக்குப் பொரிக்கிறதே, அத்தனை மாதமும் அதற்குள் என்ன நடக்கும்? உயிர் எந்த மூலையில் ஒடுங்கிக்கொண்டிருக்கும்? தண்ணீர் வந்துவிட்டது என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? இரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு இதையே யோசிக்கலாம். ஆறு வரியும் இதிலேயே நிரம்பிவிடும். கொசு அவனிடம் திருப்பி எதுவும் கேட்காது. கதவு பூட்டியிருந்ததா, உள்ளே ஆள் இருந்ததா என்று கேட்காது. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. பேனாவை மூடினான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் பல் டாக்டர். ஜெனிட்டா என்று பெயர், நாகர்கோவில், டோக்கன் நாற்பத்திரண்டு. இதெல்லாம் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் அவளாகவே சொல்லிவிட்டாள். ஐந்து கட்டத்தையும் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்துவிட்ட ஆள், இரண்டாவதற்கு ஒன்று போட்டிருந்தாள். பொறாமையாக இருந்தது. "எபிடெமியாலஜிதான் சார். நோய் யாருக்கு வருது, எங்க வருது, ஏன் வருது. அது தெரிஞ்சா மத்ததெல்லாம் பின்னாலயே வந்துரும்." பல்லை அப்படியே விட்டுவிடப் போகிறீர்களா என்று கேட்டான். "ஒரு நாளைக்கு இருபது வாயப் பாக்கேன் சார். இருபதும் வலி தாங்க முடியாம வந்த வாய். வலிச்சும் வராத வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விடுவதாகவும் இல்லை. பின்னத்தில் மேலே இருக்கிற தொகுதியை எல்லாரும் ஒழுங்காக எண்ணிவிடுவார்களாம், கீழே இருக்கிற பகுதியில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்களாம், கோச்சிங் கிளாஸில் சொன்னார்களாம். பகுதி. கோட்டுக்குக் கீழே வருவது. காய்ச்சல் கண்டவர் மேலே, பார்த்த வீடுகள் கீழே. தினமும் மதியம் ஒன்றரைக்குள் அவன் வாட்ஸப் குழுவில் போடுகிற அறிக்கை அதுதானே. பூட்டிய வீடு மேலேயும் வராது, கீழேயும் வராது. கதவில் சாக்பீஸால் தேதியைப் போட்டு, பக்கத்தில் பூட்டு என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டியது. பதினோரு வருஷத்தில் எத்தனை கதவில் அவனும் அவனுடைய ஆட்களும் அப்படி எழுதியிருப்பார்கள்? பூட்டு என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம், அதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. போன கார்த்திகை வரைக்கும் அவனுக்கும் வரவில்லை.

மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகள், நாற்பத்தெட்டு. ஒற்றை அறை, ஒற்றைக் கதவு. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள், மூன்று பெண்கள் சேர்ந்து இருப்பார்கள். ஒருத்திக்குப் பகல் ஷிப்ட், ஒருத்திக்கு ராத்திரி ஷிப்ட். பகல் ஷிப்டுக்குப் போகிறவள், உள்ளே தூங்குகிறவளை வைத்து வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாள். பூட்டைப் பார்த்தால் யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள், எவனும் கதவில் கை வைக்க மாட்டான், சாயங்காலம் வரை நிம்மதியாகத் தூங்கலாம். லைனில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. கொசு சாருக்கு மட்டும் தெரியாது, அவர் பகலில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர். அன்றைக்கு வழக்கமாகப் போகிற பணியாளருக்கு லீவு, அதனால் அவனே போனான். பதினேழாம் நம்பர். அதற்கு முந்தின இரண்டு வாரமும் பூட்டு என்று கதவில் இருந்தது. தட்டினான், சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்கிறோம் என்று குரல் கொடுத்தான், மறுபடி தட்டினான். பதில் இல்லை. சாக்பீஸை எடுத்துத் தேதி எழுத ஆரம்பித்தான். அப்போது உள்ளே ஓர் இருமல். சின்ன இருமல், வாயில் துணியை வைத்து அடக்கிய மாதிரி. கேட்டது. கேட்கவில்லை என்று தன்னிடமே சொல்லிப் பார்த்தாகிவிட்டது, பக்கத்து வீட்டு டிவி என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது, பூனை என்று கூட. எந்தப் பூனை வாயைப் பொத்திக்கொண்டு இருமும்? மணி பன்னிரண்டே முக்கால், இன்னும் பதினாலு வீடு பாக்கி, வெயில், பசி. பூட்டிய வீட்டுக்குள் இருக்கிற பெண்ணோடு கதவு வழியாகப் பேச்சுக் கொடுத்தால் லைனே திரண்டு வந்து என்ன ஏது என்று கேட்கும். பூட்டு என்று எழுதி முடித்தான். சாயங்காலம் ஆறரைக்குக் கூட்டாளி வந்து பூட்டைத் திறந்தபோது காளீஸ்வரி, இருபத்தாறு வயது, மூக்கில் ரத்தம் வழியத் தரையில் கிடந்தாள். டெங்கு. பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள், அதில் மூன்று நாள் தீவிர சிகிச்சை. அந்த ஒரு வாரத்தில் அந்த லைனிலிருந்து பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பதினோரு பேரும் ராத்திரி ஷிப்ட். அவன் அனுப்பிய அறிக்கையில் அந்த லைனில் காய்ச்சல் பூஜ்யம். விளக்கம் கேட்டார்கள். பலமுறை தட்டியும் உள்ளிருந்து எவ்விதச் சத்தமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தான். நல்ல கையெழுத்து அவனுக்கு. கோப்பை மூடிவிட்டார்கள்.

டோக்கன் முப்பத்தொன்று. யாரோ ஒருவர் வெளியே வந்து போனில், கிடைத்துவிட்டது கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மூன்றாவது கட்டம் உயிரிப் புள்ளியியல். இதற்கு ஐந்து போட்டுவிடலாம், கணக்கு அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வராது. ஆனாலும் ராத்திரி ரயிலில் கல்லூரிக் கையேட்டைப் புரட்டியபோது அதில்தான் விரல் நின்றது: விடுபட்ட தரவு, ஒரு முழுத் தாள், ஒரு பருவம். விடுபட்டதற்கென்று ஒரு பாடமா? அதையும் ஆறு மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அப்படி என்ன இருக்கும்? எதிர் இருக்கையில் வந்தவர் தூங்கிவிட்டார், இவன் மட்டும் கழிப்பறைப் பக்கத்து வெளிச்சத்தில் நின்று படித்தான். விடுபட்ட இடத்தை, கிடைத்தவர்களை வைத்து மதிப்பிட்டு நிரப்புவார்களாம். கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் கிடைத்தவர்கள் யார்? காலை பத்து மணிக்குக் கதவைத் திறக்கிற பெண்; வீட்டில் இருக்கிறவள், மில்லுக்குப் போகாதவள், ராத்திரி தூங்கினவள். அவளை வைத்துக் காளீஸ்வரியை நிரப்பினால் காளீஸ்வரிக்குக் காய்ச்சலே வராது. இதை அந்தக் கணக்குப் பேராசிரியர்களும் யோசித்திருப்பார்களே, யோசிக்காமலா ஒரு தாளே வைத்திருப்பார்கள், இதற்கும் ஏதாவது ஒரு சூத்திரம் வைத்திருப்பார்கள். அது என்னவென்று தெரிந்துகொள்வதற்காகவே கணக்கோடு மல்லுக்கட்டலாம் போல இருந்தது. ஐந்து போட வந்த பேனா அந்தரத்தில் நின்றது. நான்காவது, சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும். அதை நினைத்ததும் குளிரூட்டிய அறையும் சுழல் நாற்காலியும் மனதில் வந்தன, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும், காலை ஒன்பதிலிருந்து ஒன்றுக்குள் வீடு பார்க்க வேண்டும் என்று முதன்முதலில் முடிவு செய்தது யார்? எந்த வருஷம், எந்த அறையில்? சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் நாற்பத்தெட்டு கதவும் திறந்திருக்குமே. அந்த உத்தரவைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும் என்று ஓர் அரிப்பு. கையெழுத்துப் போட்டவருக்கு மில் என்ற ஒன்று இருப்பது தெரியுமா, தெரியாதா?

ஐந்தாவது கட்டத்தைப் பார்க்காமலே இவ்வளவு நேரம் ஓட்டிவிட்டான். சமூகமும் சுகாதார நடத்தையும். ஆறே இடங்கள். அவன் துறையிலிருந்து யாரும் அதை எடுத்ததாகக் கேள்விப்படவில்லை. படித்துவிட்டு வந்தால் என்ன வேலை என்று துணை இயக்குநருக்கே தெரியாது. கையேட்டில் அந்தப் படிப்புக்கு ஒரே ஒரு பத்திதான், அதில் ஒரு வரி: பேசாதவர்களிடம் கேட்பது எப்படி. எட்டாம் நாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது காளீஸ்வரி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவன் யார் என்று சொல்லிக்கொண்டதும், "நீங்க தட்டுனது கேட்டுச்சு சார்" என்றாள். "வெளிப்பூட்டு போட்டிருந்தா உள்ள இருக்கறவ சத்தம் காட்டக் கூடாது. ஆம்பளக் குரல் கேட்டா மூச்சுகூட விட மாட்டோம். அது எங்க லைன் சட்டம்." இருமலைப் பற்றி அவள் சொல்லவில்லை. அதற்காக அவன் ஆசுவாசப்பட்டான், ஆசுவாசப்பட்டதை நினைத்து வீடு வரும்வரை வெந்துபோனான். ஆனால் அந்தச் சட்டம் அவனை அன்றிலிருந்து விடவில்லை. அதை முதலில் போட்டவள் யார்? புதிதாக வந்து சேருகிற பெண்ணுக்கு எப்போது சொல்வார்கள், முதல் நாளா, முதல் வெளிப்பூட்டின்போதா? மறந்துபோய்ச் சத்தம் கொடுத்தவளுக்கு என்ன ஆயிற்று? வேறு ஊர் மில்களிலும் இருக்குமா? துறைமுக ஊரில், ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவர்கள் வீட்டில்? ஓர் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெளிப்பூட்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்ற ஆசையா, குற்றவுணர்வா என்று பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை, இரண்டும் ஒரே இடத்தில்தான் குத்தின.

ஐந்தாவதற்கு ஒன்று போட்டால் ஆறு வரியில் காரணம் எழுத வேண்டும். காரணம் இருமல். இருமலை எழுதினால் ஆபீஸில் எழுதிக் கொடுத்தது பொய் என்று அவனே கையெழுத்துப் போட்ட மாதிரி. இந்தத் தாள் துறைக்குப் போகுமா? போகாமலும் இருக்கலாம். போனால் சார்ஜ் மெமோ, விடுப்பு ரத்து, படிப்பும் இல்லை ஒன்றும் இல்லை. இருமலை விட்டுவிட்டு எழுதினால்? உழைக்கும் மகளிரின் சுகாதாரம் குறித்த ஆர்வத்தின் காரணமாக. ஆகா. மேடையில் மைக்கைப் பிடித்த மாதிரி இருந்தது. மனதுக்குள்ளேயே அந்த வரியை அடித்தான். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது கொசு, யாருக்கும் வலிக்காது. கதவுக்கு மேலே முப்பத்தாறு. போன் அதிர்ந்தது, செண்பகவல்லி. "போட்டாச்சா?" என்றாள். இன்னும் இல்லை என்றான். "ஒண்ணாம் நம்பரு கொசுதான?" "அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." பின்னால் குக்கர் விசில் அடித்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தான். "ரெண்டு வருஷம் பிள்ளைய நான் ஒத்தையில பாத்துக்கிடுதேன், அது கெடக்கட்டும்" என்றாள். "ஆறு மாசமா தட்டுல சோத்தப் போட்டா அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க. என்னன்னு நானும் கேக்கல, நீங்களும் சொல்லல. அது எந்தப் படிப்பு படிச்சாச் சரியாகுமோ அதப் போடுங்க." குக்கரை இறக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள். அவனுக்குக் கண் கலங்கியது. ஜெனிட்டா மரியாதையாகத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி பன்னிரண்டு பத்து. காளீஸ்வரி இந்நேரம் சாப்பிட எழுந்திருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ரத்தப் பரிசோதனைக்கு நினைவுபடுத்த இரண்டு மூன்று தடவை பேசியதில் அது தெரியும். வராந்தாக் கோடிக்கு நடந்து, ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு அழைத்தான். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"சார்" என்றாள், அடக்கிய குரலில். "பூட்டிட்டுப் போயிருக்கா. மெல்லத்தான் பேச முடியும், கேக்குதா?"

"கேக்குது. காளீஸ்வரி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க இருமுனது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும்தான் பூட்டுன்னு எழுதினேன். ஆபீசுல ஒரு சத்தமும் கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"கதவுல சாக்பீஸ் எழுதுறது உள்ள கேக்கும். எழுதிக்கிட்டே இருந்தீங்க, நான் இருமுனதும் நின்னுருச்சு. ஐயோ, ஆள் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சேன்னு வாயப் பொத்திக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எழுத ஆரம்பிச்சீங்க. அப்பாடான்னு இருந்துச்சு." ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். "நீங்க போனதுக்கப்புறந்தான் சார் பயமா இருந்துச்சு."

இதை இங்கே எழுதிக் கொடுக்கப் போவதாகவும், ஆபீஸுக்கும் எழுதப் போவதாகவும், அவள் பெயர் எதிலும் வராது என்றும் சொன்னான். எதற்கு என்று கேட்டாள். வெளிப்பூட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் எப்படிக் கேட்பது என்று படிப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, இரண்டு வருஷம் என்றான்.

"ரெண்டு வருஷமா?" அடக்கிய குரலிலேயே சிரித்தாள். "எங்க லைன்ல எத்தனைன்னு நான் இப்பவே சொல்லிருவேனே சார். நான் ஆஸ்பத்திரில இருந்து வந்ததும் பூட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் ஆரம்பிச்சோம். எந்திரிச்சதும் ஆளுக்கு ஒரு புள்ளி வைக்கணும். புள்ளி வராட்டி சாவிக்காரிக்கு மில்லுக்குச் சொல்லி விட்டுருவோம். இன்னைக்குப் பன்னெண்டு பேரு. எழுதிக்கிறீங்களா? மூணாம் நம்பர்ல ஒருத்தி, ஆறுல ரெண்டு பேரு, ஒம்பதுல ஒருத்தி. அவளுக்கு மட்டும் முந்தாநாள்லருந்து காய்ச்சல் சார். கண்ணுக்குப் பின்னால வலிக்குதுன்னு காலையில படுக்கும்போது போட்டிருந்தா."

படிவத்தை ஜன்னல் கட்டையில் வைத்து, காரணம் எழுத விட்டிருந்த கோடுகளில் அவன் எழுதிக்கொண்டிருந்தான். மூன்று, ஆறு, ஒன்பது. ஒன்பதுக்கு வந்ததும் சாப்பிட்டாளா, தண்ணீர் குடிக்கிறாளா, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கேட்டான். அதெல்லாம் தெரியாது, புள்ளி மட்டும் இன்னும் வரவில்லை, சாவிக்காரிக்குச் சொல்லியிருக்கிறது, மில் மேஸ்திரி அவளை விட மாட்டேன் என்கிறார் என்றாள் காளீஸ்வரி.

"சார், உங்க நம்பர்" என்று ஜெனிட்டா கூப்பிட்டாள். கதவுக்கு மேலே நாற்பத்தொன்று. அவன் படிவத்தைப் பார்த்தான். ஐந்து கட்டமும் காலியாகக் கிடந்தன. ஐந்தாவதில் ஒன்று என்று போட்டான். மற்றதற்கு என்ன போடுவது என்று யோசிக்கவில்லை. "நீங்க முன்னால போயிருங்க டாக்டர், ரெண்டு நிமிஷத்துல வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, மில் பகுதிச் செவிலியர் அந்தோணியம்மாளை அழைத்தான். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், லைன் வீட்டுல ஒம்பதாம் நம்பர். பூட்டித்தான் இருக்கும். கதவுகிட்டப் போய் உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, நீங்க கூப்பிட்டாக் குரல் குடுப்பா. குடுக்கலன்னா பூட்டை ஒடைங்க. எங்கிட்டக் கேட்டுத்தான் ஒடச்சேன்னு எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."